கல்லிடம் ஒப்படைத்த அறம்

தமிழர் தம் நீதிமரபைப் பேசும்போதெல்லாம் தவறாது நினைவுகூரும் கதை ஒரு வீதி விபத்தைப் பற்றியது. இதனை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. திருவாரூர் வீதியிலே இளவரசன் ஏறிச்சென்ற தேரின் காலில் அகப்பட்டு இளங்கன்றொன்று மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சிலப்பதிகாரத்திலே கண்ணகியின் வாயிலாகச் சுட்டப்படும் இவ்வரலாறு பெரியபுராணத்தில் விரித்துப் பேசப்படுகின்றது. மகாவம்சமோ இதனையொத்த நிகழ்ச்சியொன்றை அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன்மீது ஏற்றிக் கூறுகின்றது. பாலர் வகுப்பில் இக்கதையைக் கேட்ட நாள்முதல் மன்னனின் நடுவுநிலைமையை நாம் வியந்து வந்துள்ளோம். குற்றம் யாருடையது, அதற்குரிய தண்டம் யாது, தந்தையின் பாசம் அரசனின் கடமைக்கு வழிவிடவேண்டுமா என்பனவே நாம் இக்கதையிடம் கேட்டுப் பழகிய வினாக்கள்.

இவ்வினாக்கள் யாவும் கன்று இறந்தபின் எழுவன. அது இறப்பதற்கு முன் எழுந்திருக்கவேண்டிய வினா ஒன்று உண்டு. கன்றுகள் திரியும் வீதியிலே தேர் எத்துணை வேகமாகச் செல்லலாம்? அவ்வேகத்தைத் தீர்மானிக்கவேண்டியது தேரோட்டுபவனின் நல்லுள்ளமா, அரசனின் ஆணையா, அன்றி வீதியின் அமைப்பேயா? இக்கால நகரங்களில் வேகத்தணிப்பு ஏற்பாடுகள் எனப்படுவன மூன்றாவது விடையைத் தந்து நிற்கின்றன. வீதிக்குக் குறுக்கே எழுப்பப்படும் மேடு, வீதியின் அகலத்தைச் சுருக்கும் ஒடுக்கம், நேரான பாதையை வளைக்கும் திருப்பம், நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தப்பட்ட கடவை, சிறு சுற்றுவட்டம் ஆகியன இவற்றுள் அடங்கும். சாரதி நல்லவனாயினும் தீயவனாயினும் இவற்றின் முன் அவன் வேகம் தணியும். இவ்வாறு அறத்தைக் கல்லிடமும் தாரிடமும் ஒப்படைத்தல் முறையாகுமா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் ஒப்புதல்

ஆராய்ச்சியினுட் புகுமுன் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். ஏனெனில் இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. எங்கள் ஊரில் ஆரம்பப் பாடசாலையொன்றின் வாயிலுக்கு முன்னால் வீதிக்குக் குறுக்காக ஒரு மேடு இருந்தது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் தந்தையாரின் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே போய்வருவேன். மேட்டை அணுகியதும் வேகத்தைக் குறைப்பேன். மூன்று ஆண்டுகளாக ஒரு முறையேனும் அவ்விடத்தில் நான் விரைந்து சென்றதில்லை. ஏன் மெதுவாகச் செல்கிறாய் என எவரேனும் கேட்டிருந்தால், பிள்ளைகள் நடமாடும் இடமல்லவா என்று விடையிறுத்திருப்பேன். அவ்விடையை நானும் நம்பியிருப்பேன்.

சென்ற ஆண்டு அவ்வீதி புதிதாகத் தாரிடப்பட்டது. அவ்வேலையின்போது மேடு அகற்றப்பட்டது, மீண்டும் அமைக்கப்படவில்லை. ஒரு நாட் காலை, பாடசாலை தொடங்கும் வேளையில், வழவழப்பான அப்புது வீதியிற் சென்றேன். பாடசாலை வாயிலைத் தாண்டிய பின்னரே தாண்டிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. பக்கக் கண்ணாடியில் ஒரு சிறுமி தெரிந்தாள். வீதியில் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, புத்தகப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். ஒன்றும் நிகழவில்லை. ஆயின் ஒன்றும் நிகழாமைக்குக் காரணம் அவளேயன்றி நான் அல்லேன்.

மூன்று ஆண்டுகளாக நான் அங்கு வேகத்தைக் குறைத்தது வண்டியின் சக்கரத்துக்காகவும் என் முதுகுக்காகவுமே என்பது அன்று விளங்கிற்று. பிள்ளைகள் பெயரை நான் பின்னர் சேர்த்துக்கொண்டிருந்தேன். இதனை எண்ணுந்தோறும் இரண்டு சிந்தனைகள் என்னை ஒருங்கே அலைக்கழித்தன. மேடு என்னை நல்லவனாக்கவில்லை. ஆகவே அது வெறும் ஏமாற்று என்பது ஒன்று. மேடு இருந்தவரை எந்தப் பிள்ளையும் என் வண்டியைக் கண்டு காலைப் பின்னிழுக்க நேரவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் உண்மை. இவ்விரண்டுள் எதற்கு நாம் கூடிய மதிப்பளிக்க வேண்டும்?

வேகத்தின் கணக்கு

அறவியல் வினாவை எடைபோடுமுன் தராசின் தட்டுக்களில் இருப்பவை எவை என்பதை அறிதல் வேண்டும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் மோட்டார் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 8 மீற்றர் கடக்கும். 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்வது ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கும். ஒரு பிள்ளை வீதியில் இறங்குவதைக் கண்டு சாரதியின் கால் பிறேக்கை அழுத்துவதற்கு ஒரு செக்கன் செல்லுமெனக் கொள்வோம். உலர்ந்த, நல்ல வீதியில் முதலாவது வண்டி, பிள்ளையைக் கண்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 14 மீற்றருள் முற்றாக நின்றுவிடும். இரண்டாவது வண்டியிலோ அதே 14 மீற்றரின் முடிவில் பிறேக் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கும். வேகம் அப்போதும் 50 ஆகவே இருக்கும். ஆகவே 14 மீற்றர் தொலைவில் நிற்கும் பிள்ளைக்கு முதலாவது வண்டி ஓர் அச்சம். இரண்டாவது வண்டி மரணமாகவும் கூடும். இரு சாரதிகளும் ஒரே கவனமுடையவர்களாக, ஒரே விரைவிற் பிறேக்கை அழுத்துபவர்களாக இருக்கலாம். அவர்களை வேறுபடுத்துவது 20 கிலோமீற்றர் மட்டுமே. மேலும், இயங்கும் பொருளின் சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 50இல் மோதும் வண்டி 30இல் மோதும் வண்டியைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு சக்தியைக் கொண்டுவருகின்றது. ஒரு வீதியின் சராசரி வேகம் 1 சதவீதத்தாற் குறையின் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ 4 சதவீதத்தாற் குறையும் என்பது சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோரன் நில்சன் வகுத்த கணக்கு.

வேகத்தைச் சொல்லாற் குறைப்பதற்கும் பொருளாற் குறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் அளந்துள்ளனர். இங்கிலாந்தின் போட்ஸ்மத் நகரிலே 2007, 2008ஆம் ஆண்டுகளில் குடியிருப்பு வீதிகள் பெரும்பாலானவற்றுக்கு மணிக்கு 20 மைல் என்னும் எல்லை விதிக்கப்பட்டது. மேடு எதுவும் இடப்படவில்லை. அறிவிப்புப் பலகைகள் மட்டும் நாட்டப்பட்டன. சராசரி வேகம் 1.3 மைல் குறைந்தது. இதற்கு மாறாக, மேடுகளும் ஒடுக்கங்களும் அமைத்து அதே எல்லை நடைமுறைப்படுத்தப்பட்ட வலயங்களைப் பற்றி 1996இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வு, சராசரி வேகம் ஏறத்தாழ 9 மைல் குறைந்ததெனவும், விபத்துகள் 60 சதவீதமும் சிறுவர் சம்பந்தப்பட்ட விபத்துகள் 67 சதவீதமும் குறைந்தனவெனவும் கண்டது. போட்ஸ்மத்தின் வீதிகளிற் பல முன்னரே மெதுவானவை என்பதை நாம் மறக்கலாகாது. அவ்வாறாயினும் இடைவெளி பெரிது. இலண்டன் மாநகரின் இத்தகைய வலயங்களில் 1986 முதல் 2006 வரை நிகழ்ந்தவற்றை ஆராய்ந்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வும், வீதி விபத்துகளில் இறந்தோரும் காயமுற்றோரும் ஏறத்தாழ 42 சதவீதத்தாற் குறைந்தனர் என்றே கூறிற்று.

மேடு எவ்வாறு செயற்படுகின்றது? 1970களின் தொடக்கத்திலே பிரித்தானிய வீதி ஆய்வுகூடத்தில் பல வடிவங்களைச் சோதித்து 3.7 மீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் உயரமும் உடைய, முதுகு வளைந்த மேடு ஒன்றை வகுத்தனர். மெதுவாக ஏறுபவனுக்கு அது ஒரு தாலாட்டு. விரைந்து ஏறுபவனுக்கு அது ஓர் அடி. வேகம் கூடக்கூட உடல் படும் வேதனையும் கூடவேண்டும் என்பதே அதன் தத்துவம். அது சாரதியின் அறிவோடு பேசுவதில்லை, முதுகெலும்போடு பேசுகின்றது. ஆதலின் மேட்டைத் தாண்டியதும் சாரதி மீண்டும் விரைகின்றான். இதனை அறிந்தே பொறியியலாளர் மேடுகளைத் தனித்தன்றி, குறுகிய இடைவெளிகளில் தொடராக அமைக்கின்றனர். கல்லின் வலிமையும் கல்லின் வறுமையும் இவ்வொரு செய்தியிலேயே புலப்படுகின்றன.

கான்றின் ஐயம்

இனி, கல்லுக்கு எதிரான வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்போம். ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு கடைக்காரனை உதாரணமாகக் காட்டுகின்றார். அவன் சிறுவரிடமும் சரியான விலையையே வாங்குகின்றான். ஆனால் வாடிக்கையாளரை இழக்கக்கூடாதென்ற நலன் கருதியே அவ்வாறு செய்கின்றான். அவன் செயல் கடமைக்கு இசைந்தது. கடமையின் பொருட்டு எழுந்ததன்று. எனவே அதற்கு அறப்பெறுமானம் இல்லை என்பது கான்றின் தீர்ப்பு. மேட்டின் முன் வேகங்குறைத்த நானும் அக்கடைக்காரனும் ஒரே வகுப்பினர்.

பிரான்சிய சிந்தனையாளர் புரூனோ லற்றூர் இதே பொருளைப் பல்கலைக்கழக வளாகமொன்றின் வேகத்தடையை வைத்தே விளக்கியுள்ளார். மாணவருக்கு ஆபத்து நேராவண்ணம் மெதுவாகச் செல் என்னும் கட்டளையை, உன் வாகனம் பழுதுறாவண்ணம் மெதுவாகச் செல் என்னும் கட்டளையாகத் தடை மாற்றிவிடுகின்றது என்பது அவர் கருத்து. செயல் ஒன்றே; நோக்கம் வேறாகிவிட்டது. ஆங்கிலேயர் வேகத்தடையை உறங்கும் பொலிஸ்காரன் என்று வேடிக்கையாக அழைப்பர். அப்பொலிஸ்காரன் உறங்குகின்றானோ இல்லையோ, அவன் காவலில் நம் மனச்சாட்சி உறங்கிவிடுகின்றது என்பதே கான்றின் வழிவந்தோர் எழுப்பக்கூடிய ஐயம். என் அனுபவம் இவ்வையத்துக்குச் சான்று பகர்கின்றது.

இதனோடு மேலும் ஒரு குற்றச்சாட்டும் உண்டு. பகுத்தறிவுடையவனுக்குக் காரணம் கூறி இணங்கச்செய்வதே மனித மதிப்புக்கு ஏற்றது. அவன் முதுகில் அடித்து இணங்கச்செய்வது மாட்டை நுகத்திற் பூட்டுவது போன்றது என்பர். ஒழுங்காகச் செல்லும் நூறு பேரும் ஒழுங்கற்ற ஒருவனுக்காக அதே அடியை வாங்கவேண்டியிருப்பது நீதியா என்றும் வினவுவர். இவை எளிதில் ஒதுக்கத்தக்க வாதங்களல்ல.

சிறுமியின் பக்கம்

எனினும் இவ்வாதங்கள் யாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இவை அனைத்தும் சாரதியின் இருக்கையிலிருந்து பேசுகின்றன. சாரதி நல்லவனா, அவன் நோக்கம் தூயதா, அவன் மதிப்புக் காக்கப்பட்டதா என்பனவே இவற்றின் கவலைகள். வீதியோரத்தில் நின்ற சிறுமியின் வினா வேறு. தான் மறுபுறம் போய்ச் சேரலாமா என்பதே அவளது வினா. என் நோக்கத்தின் தூய்மை அவளுக்குப் பயன்படும் பொருளன்று. மனச்சாட்சி தானாக விழிக்கவேண்டும், அதற்காக வீதியைத் தடையின்றி விடவேண்டும் என்று கூறுவோர், சாரதியின் அறத்தைச் சோதிப்பதற்கு அச்சிறுமியின் உயிரைப் பணயமாக வைக்கின்றனர். எந்த மனிதரையும் வெறுங்கருவியாக மாத்திரம் நடத்தலாகாது என்பது கான்றின் அடிப்படை விதி. சாரதியின் ஒழுக்கப் பயிற்சிக்குச் சிறுமியைக் கருவியாக்குதல் அவ்விதிக்கே முரணாகும்.

இவ்விடத்தில் கான்றுக்கும் நாம் நீதி வழங்கவேண்டும். 1797இல் எழுதிய நூலில் அவர் உரிமையின் துறையையும் நற்பண்பின் துறையையும் வேறுபிரிக்கின்றார். நற்பண்பை எவரும் எவர்மீதும் வற்புறுத்த முடியாது. ஆனால் ஒருவனின் சுதந்திரத்தை மற்றொருவன் தடுக்கும்போது, அத்தடையைத் தடுப்பதற்குப் புறத்தேயிருந்து வரும் வற்புறுத்தல் சுதந்திரத்துக்கு மாறானதன்று. வீதியைக் கடப்பது சிறுமியின் சுதந்திரம். என் வேகம் அதனைத் தடுத்தது. மேடு என் வேகத்தைத் தடுத்திருந்தால் அது சுதந்திரத்தின் பக்கமே நின்றிருக்கும். ஜோன் ஸ்ருவாட் மில் 1859இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதியபோது, பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பதற்காகவே ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாக வற்புறுத்தலாம் என வரையறுத்தார். கடமையிலிருந்து தொடங்கியவரும் பயனிலிருந்து தொடங்கியவரும் இவ்விடத்தில் ஒரே முடிவுக்கு வருகின்றனர்.

மதிப்புப் பற்றிய குற்றச்சாட்டுக்கும் கான்றிடமே விடை உண்டு. மனிதன் தனக்குத் தானே விதித்துக்கொண்ட சட்டத்துக்குக் கீழ்ப்படிவதிலேயே அவன் மதிப்புத் தங்கியுள்ளது என்பது அவர் கொள்கை. மேடு யார் இட்டது? ஊரவர் கூடி, தம் பிள்ளைகளையும் தம் அவசரங்களையும் ஒருங்கே எண்ணிப்பார்த்து, இவ்விடத்தில் எவரும் விரைய வேண்டாம் என ஓர் அமைதியான வேளையில் முடிவுசெய்து இட்டதாயின், அது நமது நிதான நேரம் நமது அவசர நேரத்துக்கு இட்ட கட்டளையாகும். காலை எட்டு மணிக்குப் பிந்திச் செல்லும் நான், மாலையில் அமர்ந்து சிந்திக்கும் என்னைவிடத் தாழ்ந்தவன். மேலானவன் தாழ்ந்தவனுக்கு வைத்த நினைவுக்கல் அது. இவ்வாறு நோக்கின் கல் அவமதிப்பாவதில்லை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முடிவு ஊரவரின் முடிவாக இருத்தல் வேண்டும், காரணம் அவர்களுக்கு விளங்கியிருத்தல் வேண்டும். இரவோடிரவாக முளைக்கும் மேடும் காரணமின்றி மறையும் மேடும் நம்மை ஒரே அளவில் அவமதிக்கின்றன.

கல் சிறுமியை மட்டுமன்றிச் சாரதியையும் காக்கின்றது என்பதை இங்குக் குறிப்பிடுதல் தகும். ஆங்கில மெய்யியலாளர் பேர்ணாட் வில்லியம்ஸ், அறமும் அதிர்ஷ்டமும் பற்றி 1976இல் எழுதிய கட்டுரையில் ஒரு லொறிச் சாரதியைப் பற்றிப் பேசுகின்றார். தன் பிழை எதுவுமின்றி ஒரு பிள்ளையை மோதிக் கொன்றுவிட்டவன் அவன். பார்த்து நின்றவர் படும் துயருக்கும் அவன் படும் துயருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டென்றும், குற்றமற்றவன் என எத்தனை பேர் ஆறுதல் கூறினும் அத்துயர் நீங்காதென்றும் வில்லியம்ஸ் காட்டுகின்றார். திருவாரூர் இளவரசனும் அத்தகையவனே. கன்று எவரும் அறியாவண்ணம் துள்ளிப் புகுந்து தேர்க்காலில் அகப்பட்டது என்றே சேக்கிழார் பாடுகின்றார். நோக்கம் தீதன்று, விளைவு மீளாதது. நானும் அன்று காலை அவ்விளவரசனிலிருந்து ஒரு காலடித் தூரத்திலேயே இருந்தேன். அக்காலடியை எடுத்துவைத்தவள் அச்சிறுமி.

வீதி யாருடையது?

இதுவரை கூறியவற்றாற் கல் நீதியானது என்பது பெறப்படும். ஆனால் அது போதுமானதா? ஒழுக்கம் பழக்கத்தால் வருவது என்றார் அரிஸ்ரோட்டில். நீதியான செயல்களைச் செய்து செய்தே நாம் நீதிமான்களாகின்றோம் என்பது அவர் வாதம். மூன்று ஆண்டுப் பழக்கம் எனக்குள் ஏன் ஒன்றையும் விதைக்கவில்லை? என் கைகள் கல்லைப் பழகின, பிள்ளைகளைப் பழகவில்லை. அடியை மட்டும் தரும் கல், யாருக்காக அவ்வடி என்பதை மறைத்துவிடுகின்றது. அங்ஙனமாயின், அடியாமற் காட்டும் கல் உண்டா?

நெதர்லாந்தின் வரலாறு இதற்கு விடை தருகின்றது. 1971இல் அச்சிறு நாட்டின் வீதிகளில் 3,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். நம் நாட்டிலும் 2017, 2018 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் வீதிகள் 3,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டன என்பதை எண்ணின் அத்தொகையின் கொடுமை நமக்கு அந்நியமாகாது. அந்நாட்டுப் பெற்றோர் சிறுவர் கொலையை நிறுத்துங்கள் என்னும் பெயரிலேயே ஓர் இயக்கம் நடத்தினர். விபத்து என்ற சொல்லை அவர்கள் ஏற்கவில்லை என்பது கருதத்தக்கது. அதற்குச் சற்று முன்னரே, 1960களின் பிற்பகுதியில், டெல்வ்ற் நகரவாசிகள் தம் வீதிகளை வேறுவிதமாக மாற்றத் தொடங்கியிருந்தனர். நடைபாதைக்கும் வீதிக்கும் இடையிலான விளிம்பை அகற்றி, மரங்களும் இருக்கைகளும் வைத்து, நேர்கோட்டை வளைத்து, வீதியை வீட்டு முற்றத்தின் தொடர்ச்சியாக்கினர். வாழிடமுற்றம் எனப் பொருள்படும் பெயருடைய இவ்வீதிகளை 1976இல் அந்நாட்டுச் சட்டம் அங்கீகரித்தது. அங்கே பிள்ளைகள் வீதியின் முழு அகலத்திலும் விளையாடலாம்; வாகனம் நடைவேகத்திலேயே செல்லவேண்டும். முற்றத்தில் நுழைந்த விருந்தாளி எவ்வாறு நடந்துகொள்வானோ அவ்வாறே சாரதியும் நடந்துகொள்கின்றான். இங்குக் கல் அவனை அச்சுறுத்தவில்லை. அவன் எங்கு வந்திருக்கின்றான் என்பதை அறிவிக்கின்றது.

வேகத்தாலும் நெரிசலாலும் நாம் இழப்பது உயிர்களை மட்டுமன்று. டொனால்ட் அப்பிள்யாட் என்பார் சான்பிரான்சிஸ்கோ நகரின் மூன்று வீதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். நாளொன்றுக்கு 2,000 வாகனங்கள் செல்லும் வீதியில் வாழ்ந்தோருக்கு அவ்வீதியிற் சராசரி மூன்று நண்பர்கள் இருந்தனர். 16,000 வாகனங்கள் செல்லும் வீதியில் வாழ்ந்தோருக்கு ஒருவரும் நிரம்ப இல்லை. எதிர்வீட்டுக்குப் போக அஞ்சும் வீதியில் அயல் என்பது எவ்வாறு வளரும்? வாழத்தக்க வீதிகளைப் பற்றிய நூலை 1981இல் வெளியிட்ட அப்பிள்யாட், மறு ஆண்டு ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார்.

நெதர்லாந்தின் வீதிப் பொறியியலாளர் ஹான்ஸ் மொண்டர்மன் இச்சிந்தனையை மேலும் ஒரு படி கொண்டுசென்றார். டிராக்டன் நகரின் நெரிசல் மிக்க சந்தி, 2000களின் தொடக்கத்தில் சமிக்ஞை விளக்குகள் நீக்கப்பட்டுத் திருத்தியமைக்கப்பட்டது. விளக்கும் பலகையும் கட்டளையிடாத இடத்தில் மனிதர் ஒருவரையொருவர் பார்த்தே செல்லவேண்டும் என்பது அவர் நம்பிக்கை. பார்க்க வந்தோருக்கு அதனை மெய்ப்பிப்பதற்காக அவர் அச்சந்தியினுள் பின்புறமாக நடந்து செல்வாராம். இது கவர்ச்சியான கொள்கை, ஆயினும் குறைபாடுடையது. கண்ணோடு கண் நோக்கிச் செல்லும் வீதியில் கண் தெரியாதவர் என்செய்வார்? பிரித்தானியாவில் பார்வையற்றோர் இவ்வினாவை எழுப்பினர். 2018இல் அந்நாட்டு அரசு இத்தகைய புதிய திட்டங்களை இடைநிறுத்துமாறு கேட்டுக்கொண்டது. வீதியில் வலுக்குறைந்தவர் யார் என்ற வினாவை மறக்கும் எந்த ஏற்பாடும், அது எத்துணை அழகியதாயினும், அறத்திற் குறைந்ததே.

கல்லின் எல்லை

கல்லுக்கும் செலவுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் போட்லன்ட் நகரில் 1990களில் தீயணைப்பு வண்டிகளைக் கொண்டு நடத்திய பரிசோதனைகளில், ஒரு மேடு அவ்வண்டியை ஏறத்தாழ 10 செக்கன் வரை தாமதப்படுத்தக் கூடும் எனக் கண்டனர். நோயாளர் வண்டியில் முதுகெலும்பு முறிந்தவன் கிடக்கும்போது ஒவ்வொரு மேடும் ஒரு வேதனை. அகன்ற அச்சுள்ள வண்டிகள் தட்டாது செல்லும்படி மேட்டை இடைவெளிவிட்டு அமைப்பது இதற்கு ஓரளவு பரிகாரம். மற்றொரு குறையோ பொறியியலாளரால் மட்டும் தீர்க்கத்தக்கதன்று. ஒரு வீதியில் மேடிட்டால் விரைபவர் அடுத்த வீதியைத் தேடுவர். குரல்வலிமை உள்ளோரின் வீதியில் அமைதியும் குரலற்றோரின் வீதியில் ஆரவாரமும் குடியேறுமாயின், நாம் தீமையைக் குறைத்தவர்கள் ஆகோம், இடம்மாற்றியவர்களே ஆவோம்.

கல் எதுவரை செல்லலாம் என்பதும் சிந்திக்கற்பாலது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 யூலை முதல் விற்கப்படும் புதிய கார்கள் யாவும் வேக எல்லையை அறிந்து சாரதியை எச்சரிக்கும் அல்லது தடுக்கும் கருவியைக் கொண்டிருத்தல் வேண்டும். எனினும் சாரதி அதனை மீறிச் செல்ல இடமுண்டு. நாளை மீற முடியாத கருவியும் வரலாம். மனிதனின் ஒவ்வொரு பலவீனத்துக்கும் ஒரு மேடு கட்டின் உலகம் சிறைக்கூடமாகும் என்று அஞ்சுவோர் தவறாக அஞ்சவில்லை. இதற்கு ஓர் அளவுகோலை முன்வைக்கலாம். என் பிழையின் விலையை நான் செலுத்தும் இடத்தில் என்னை என் போக்கில் விடுக. என் பிழையின் விலையைப் பிறர் செலுத்தும் இடத்தில், அவ்விலை மீளப்பெற முடியாததாகவும் இருக்குமாயின், என் நல்லுள்ளத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. பொய் சொல்பவனைத் திருத்தக் காலமுண்டு. மன்னிப்புக் கேட்கவும் இடமுண்டு. இறந்த பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க இடமில்லை.

சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997இல் ஏற்ற கொள்கை இவ்வளவுகோலை ஒத்தது. வீதியில் மனிதர் தவறுவர் என்பதை முன்கூட்டியே ஏற்று, அத்தவறு மரணமாக முடியாதவாறு வீதியை அமைப்பது அமைப்பவரின் கடமை என்றது அக்கொள்கை. பயன்படுத்துவோர் விதியைப் பின்பற்றவேண்டும்; அவர்கள் தவறினும் உயிர் போகாதவாறு காக்கும் பொறுப்பு அமைப்போரையே மீண்டும் சாரும். இதனாற் சாரதி குற்றத்திலிருந்து விடுபடுவதில்லை. குற்றத்தைப் பங்கிடவேண்டியவர் தொகை பெருகுகின்றது. மனச்சாட்சி உறங்கிவிடுமென அஞ்சினோமல்லவா? அது இடம் மாறியிருக்கின்றது. சாரதியின் இருக்கையில் மட்டுமன்றி, வீதியின் வரைபடம் விரிக்கப்படும் மேசையிலும், அதனைக் கேட்டுப்பெறும் ஊர்க் கூட்டத்திலும் அது விழித்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

பெரியபுராணத்தில் இறைவன் தோன்றுகின்றான். மாண்ட கன்றும் அமைச்சனும் இளவரசனும் உயிர்பெற்று எழுகின்றனர். நம் வீதிகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆகவே நமக்கு, கன்று இறந்தபின் மகனையும் கொல்லத் துணியும் நீதியினும், கன்று இறவாதிருக்க வீதியைத் திருத்தும் நீதியே வேண்டற்பாலது. முன்னையது காவியத்துக்கு உரியதாகலாம். பின்னையது சிமெந்தும் தாரும் சார்ந்த சிறுதொழிலாகத் தோன்றலாம். எனினும் அறம் எப்போதும் காவிய உருவிலேயே வரவேண்டுமென்ற நியதி இல்லை.

கல் நம்மை நல்லவராக்குவதில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். நல்லவராகாத நாம் கொலைகாரராகாமற் காப்பது அதன் தொழில். நல்லவராவது நமது தொழில். அதனைக் கல்லிடம் ஒப்படைக்க முடியாது.

எங்கள் ஊர்ப் பாடசாலை வாயிலில் மேடு இன்னும் மீளவில்லை. அதனை மீண்டும் அமைக்கக் கோரும் மனுவொன்றில் பெற்றோரோடு நானும் ஒப்பமிட்டுள்ளேன். இப்போது அவ்விடத்தை அணுகும்போது வேகத்தைக் குறைக்கின்றேன்; பையை மார்போடு அணைத்து நின்ற அச்சிறுமியின் உருவம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும் நான் என்னை அறிவேன். பிந்திய ஒரு காலையில், வேறொரு கவலை மனத்தில் நிறைந்திருக்கும் ஒரு நாளில், அவ்வுருவம் வாராதிருக்கும். அந்நாளுக்காகவே அம்மேட்டைக் கேட்கின்றேன்.